கடன் கொப்பியின் பின்பக்கம்

முன்பக்கத்தில் ரீலோட் கடன்.
மேசன் ஜெயசீலன் இருநூறு, பால்காரப் பெடியன் ஐம்பது,
கண்ணாடிக்கடை முதலாளி ஆயிரத்து நூறு, அது வராது.
கொப்பியைக் கவிட்டுப் பிடித்தால் நாடகம்.
ஆனைக்கோட்டைச் சந்தியில் எட்டரைக்கு
கதவை அரைவாசி இறக்கிவிட்டு
லாச்சிக்கு மேலே கிடக்கிற சின்ன ரீவியில்
நான் பார்த்ததும், பார்த்து ஏசினதும்.

431
வசுந்தரா பாலுக்குள் என்னவோ கலக்கிறாள்.
கை நிறையக் காப்பு, ஒரு சத்தமில்லை.
நான் ஒரு கரண்டியைக் கீழே வைச்சால்
மூன்றாம் வீட்டு நாய் எழும்பும்.

432
பால் மேசையில்.

433
பால் இன்னும் மேசையில். ஆடை கட்டியிருக்கும்.
குடி, இல்லாட்டி ஊத்து.
விடிய ஆறுக்கு எனக்குக் கடை திறக்கவேணும்.

434
பூனை தட்டிவிட்டது.
இதுக்கோ நாலு நாள்!
ரெண்டு பேருக்கு நம்பர் பிழையாய் அடிச்சு
முன்பக்கத்தில் நானூறு ரூபா நட்டம்,
இந்தப் பூனையாலை.

460
வசுந்தராவை ஊரே திட்டுது.
அந்த வீட்டில் கணக்குப் பார்க்கத் தெரிஞ்சவள்
அவள் ஒருத்திதான் எண்டு எனக்கொரு எண்ணம்.
தாமிரா அழுவாள். அழுதழுது சைன் வைப்பாள்.
"வாசிச்சுப் பார்த்து வையடி" எண்டு கத்தினேன்.
பெற்றோல் செட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

477
இண்டைக்குச் சற்குணவதி அக்காவும்.
அவவின்ரை ரீவி கறுத்துப் போச்சாம்.
ஓடுற பஸ்ஸில் ஏறின மாதிரிக் கதைக்கு நடுவிலை ஏறி,
"ஆர் இந்தப் பெடியன்?"
அகிலன், மூத்தவன், தாமிராவின்ரை புருசன்.
"சாப்பிட்டவனே?"

478
"சாப்பிட்டவனே?"

483
நாடகத்தில் ஆர் அக்கா சாப்பிடுகினம்?
கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போறதுக்கெண்டே
சோறு போடுகினம்.
சொல்லியும் பார்த்திட்டன்.

502
ஒரு அறை. அதை மூன்று பக்கத்தாலை காட்டினாங்கள்.
பிறகு எல்லாற்றை முகத்தையும் ஒவ்வொண்டாய்,
வேலைக்காரப் பிள்ளையின்ரை முகத்தையும்.
அவளுக்கு ஒரு வசனமாவது குடுத்திருக்கலாம்.

519
அகிலனின்ரை கார் ஆத்துக்குள்ளை.
உடம்பு கிடைக்கேல்லை.
"உடம்பு கிடைக்காட்டி ஆள் வருவான் அக்கா,
அது நாடகச் சட்டம்" எண்டு
சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சேன்.
அக்கா சவுக்கார விளம்பரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தா.

533
படத்துக்கு மாலை போட விடமாட்டன் எண்டு
தாய் வாசலில் நிக்கிறாள்.
மாலையோடை வந்தவள் வசுந்தரா.
முதல்தரம் எனக்கு அவளிலை கோவம் வந்தது.

556
அகிலன் வந்திட்டான்.
ஆனால் அகிலன் இல்லை.
இனி அகிலனாக இவர் எண்டு அடியில் ஒரு வரி ஓடினது.
மூக்கு வேறை. உயரம் நாலு விரல் கூட.
தாய் கதவைத் திறந்தாள்,
ஒரு செக்கன் தயங்கேல்லை,
கட்டிப் பிடிச்சாள்.
விசர் நாடகம் எண்டேன்.
பழையவன் சம்பளம் கூட்டிக் கேட்டிருப்பான், கலைச்சுப்போட்டாங்கள்.
அக்கா கனநேரம் கதைக்கேல்லை.
போகேக்கை, செருப்பைத் தேடிக்கொண்டு,
"அவள் பிடிச்சிட்டாள்" எண்டா.

557
பார்க்கேல்லை.
ஏழு மணிக்கே அக்கா வந்திட்டா, படத்தோடை.
மாசம் ஒருக்கா அவ பஸ்ஸில் கொண்டுபோற படம்.
மூன்று தரம் லாமினேட் பண்ணிக் குடுத்திருக்கிறன்,
முன்பக்கத்தில் எழுதினதில்லை.
"இதிலை கொஞ்சம் வயசு கூட்டிப் போடேலுமோ?"
எவ்வளவு அக்கா?
"இப்ப முப்பத்தொன்பது."

கொம்பியூட்டரில் நெத்தியைக் கொஞ்சம் மேலே ஏத்தினேன்.
தேப்பன் வழியில் ஆருக்கும் மொட்டை விழேல்லை எண்டா.
இறக்கினேன்.
காதடியில் நரை வைச்சேன்.
"காணும்."
கண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு.
அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை.
எட்டரை, எட்டே முக்கால், ஒன்பது.
கடைசியாய்க் கன்னத்தைக் காட்டி,
"கொஞ்சம் சதை போடு பிள்ளை,
சாப்பிட்டிருப்பான்."

558
தாமிரா திரும்பவும் எதிலையோ சைன் வைக்கிறாள்.